ஹைதராபாத் பேசும் பெட்டி

முதல் அநீதி என் பெயர். வாசலில் மாட்டும் கேமராவுக்கு என்ன பெயர் போடட்டும் என்று உங்கள் போனைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டுவிட்டீர்கள் தோழர். எனக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை. பள்ளிச் சான்றிதழில் நான் கோவிந்தராஜுலு. மீசை முளைத்த வருடம் எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர் புயலரசன். நான் எழுதிய துண்டறிக்கை அத்தனையிலும் அடியில் அந்தப் பெயர்தான் இருக்கும். டிவியில் வேலைக்குச் சேர்ந்தபோது அடையாள அட்டையில் கோவிந்தராஜுலு என்று அடித்துக் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. அட்டை இல்லை என்று வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. தினமும் வந்தேன், தினமும் வாசலில் நின்றேன். கடைசியில் 'தோழர் புயலரசன்' என்று அடித்துத் தந்தார்கள். தோழரும் சேர்த்துத்தான். நீங்களும் அப்படியே போடுங்கள்.

இரண்டாவது அநீதி நாற்காலி. ஸ்டூடியோவில் செய்தி வாசிக்கிறவருக்குச் சுழல் நாற்காலி. விவாதத்துக்கு வந்து கத்துகிறவருக்கு சோபா. எங்களுக்குத் தரை. நின்றபடியே போராடி வாங்கினேன். வாங்கிய நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தவர் முதலாளியின் ஜோசியர்.

மூன்றாவது அநீதி முதலாளியின் தலைமுடி. சிரிக்காதீர்கள், ஏணி ஆடுகிறது. எங்கள் லைட்மேன் தேவசகாயம் ஒரு நாள் விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்து வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். விருந்தினருக்கு வைத்த மைக் அவர் சட்டையில் குத்தியிருந்தது. அது திறந்திருந்தது அவருக்குத் தெரியாது. தலைப்புச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது, வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்திப் பெண் வாசிக்கிறாள். அதன் நடுவில் தமிழ்நாடு முழுக்கத் தேவசகாயத்தின் குரல் கேட்கிறது: "மொதலாளி தலையில இருக்கறது முடியா, இல்ல பொம்மைக் கடையில வாங்கினதா?" அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். உண்மையைச் சொன்ன ஒரே செய்தி அன்றைக்கு அதுதான். நாங்கள் வேலையை நிறுத்தினோம், வென்றோம். வென்றது தேவசகாயத்தின் வேலையை மட்டும் இல்லை, ஒரு விதியையும்தான். எந்த மைக்கைத் திறப்பதாக இருந்தாலும், அதை மாட்டியிருப்பவரின் பெயரை ஸ்டூடியோவில் எல்லார் காதிலும் விழும்படி உரக்கப் படித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். ஒரு புள்ளி மாறாமல் முதலாளியைக் கையெழுத்துப் போட வைத்தவனும் நான்.

எந்த சேனல் என்று கேட்காதீர்கள். சொன்னால் முதலாளி அவதூறு வழக்குப் போடுவான். ஏற்கனவே ஒன்று நடக்கிறது.

விஷயத்துக்கு வாருங்கள் என்று உங்கள் முகம் சொல்கிறது. விஷயம் வரிசையில்தான் வரும். போராட்டத்தில் பாதி, வரிசை. துபாயில் உட்கார்ந்துகொண்டு என் மகன் இந்த கேமராவில் என் வாசலைப் பார்ப்பானாம். விரலால் தேய்த்தால் இதன் கழுத்து திரும்புமாம். இதற்குக் காது உண்டா என்று கேட்டேன், சூப்பர் மைக் சார் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். அந்தச் சந்தோஷம் எனக்கு ஏன் வரவில்லை என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வேலையைப் பாருங்கள், காதை மட்டும் இங்கே வையுங்கள். ஆமாம், உங்கள் கம்பெனியில் சங்கம் உண்டா? இல்லையா. அதைப் பிறகு பேசுவோம்.

நான்காவது அநீதிதான் ஹைதராபாத்.

ஒரு டிவி ஸ்டூடியோ எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள். தளத்தில் கேமராக்காரர்கள், லைட்மேன், ஃப்ளோர் மேனேஜர். ஃப்ளோர் மேனேஜர் என்றால் நான். பெயரில்தான் மேனேஜர், மற்றபடி விரலை மடக்கி நீட்டி, இப்போது பேசு, இப்போது நிறுத்து என்று வாசிப்பவருக்குக் காட்டுகிற தொழிலாளி. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அறை. எந்த கேமரா காட்டும் படம் வெளியே போக வேண்டும், யாருடைய மைக் ஏற வேண்டும் என்பதெல்லாம் அங்கே பொத்தானில் நடக்கும். அந்த அறையில் ஒலிக்கு உட்கார்ந்திருந்தவன் கோதண்டம்.

கோதண்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியாசர்பாடிக்காரன். என்னைத் தலைவரே என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "இன்னா புயலு, இன்னிக்கு எத்தினி கிலோமீட்டர் வேகம்?" என்பான். நான் செயலாளராகச் சங்கம் ஆரம்பித்த நாளில் முதல் உறுப்பினர் அவன். நான் பேசும்போது கொட்டாவி விட்ட முதல் உறுப்பினரும் அவன்தான். கோஷம் போட்டுப் போட்டு என் தொண்டை போய்விட்டது, அது தியாகம். அதனால் கூட்டங்களில் அவன்தான் என் சட்டையில் மைக்கைக் குத்திப் பெரிய ஸ்பீக்கரில் என் குரலைக் கொஞ்சம் கனமாக்கி விடுவான். என் குரல் அப்படிக் கேட்கும்போது எனக்கே எழுந்து நின்று கைதட்டத் தோன்றும்.

ஒரு நல்ல நாளில், ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தில், அந்தக் கண்ணாடி அறையை மூடினார்கள். பொத்தான் அத்தனையும் ஹைதராபாத்தில் ஒரு ஹாலுக்குப் போய்விட்டன. நடுவில் கம்ப்யூட்டர் வலை. அங்கே ஒருத்தி விரலை அசைத்தால் இங்கே கேமரா தானாக உருண்டு போகும், லைட் தானாக மங்கும், மைக் திறக்கும். புதிய மெஷின் அலமாரிக்குள் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார்கள். அறிவியலின் உச்சத்தில் ஓர் எலுமிச்சம்பழம். அதைப் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதினேன், வேண்டுமானால் உள்ளே இருக்கிறது, பிறகு தருகிறேன்.

ஹைதராபாத்தில் இருந்தவள் பெயர் சுனந்தா. சித்தூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் பேசுவாள். ஸ்டூடியோ மூலையில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தார்கள். அதன் வழியாகத்தான் அவள் குரல் இங்கே வரும், எங்கள் பதில் அங்கே போகும். வணக்கம் சென்னை என்பாள். நான் வென்றெடுத்த விதிப்படி மைக் ஒன்று இன்னார், மைக் இரண்டு இன்னார் என்று பெயர் படிப்பாள், பிறகு திறப்பாள். ஒழுங்கான பெண்தான். ஆனால் அது முதலாளியின் பெட்டி. முதலாளியின் பெட்டியில் இருந்து வருவது முதலாளியின் குரல். இதில் எனக்குக் குழப்பம் கிடையாது.

வேலைநிறுத்தம் அறிவித்தேன். வாசலில் உட்கார்ந்தோம். ஓர் ஆள் உள்ளே போகவில்லை. கேமராக்காரன் போகவில்லை, லைட்மேன் போகவில்லை, கோதண்டம் போகவில்லை. செய்தி வாசிக்கும் பெண் மட்டும் போனாள், அவள் சங்கத்தில் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு முழுமையான வேலைநிறுத்தத்தை நான் நடத்தியதில்லை. எதிர் டீக்கடை டிவியில் செய்தி சரியான நேரத்துக்கு ஆரம்பித்தது. கேமரா அழகாக அசைந்தது. ஒரு குறையும் இல்லை. முன்னைவிட நன்றாக இருந்தது என்று டீக்கடைக்காரன் சொன்னான். அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் டீ குடிப்பதில்லை.

"புயலு, நாம இல்லாமயே ஓடுதுய்யா" என்றான் கோதண்டம். ஒரு தோழன் பேசுகிற பேச்சா அது? உண்மையாகவே இருக்கட்டும், வாசலில் உட்கார்ந்துகொண்டா சொல்வது?

சரி, வெளியே நின்று பயனில்லை, உள்ளே இருந்து தாக்குவோம் என்று முடிவெடுத்தேன். அதற்கு ரகசியக் கூட்டம் வேண்டும். எங்கள் சங்கம் ரகசியமாகக் கூடுவது எப்போதும் ஸ்டூடியோ தளத்தில்தான். வேறு எங்கே கூடினாலும் சுவருக்குக் காது. ஸ்டூடியோ சுவருக்கு மட்டும் காது இல்லை. செங்கல்லுக்கு மேல் பஞ்சு, பஞ்சுக்கு மேல் துணி, கதவோ ஆனைத்தோல். உள்ளே வெடி வைத்தாலும் வெளியே வாட்ச்மேன் தூக்கம் கலையாது. எத்தனை போராட்டத்தை அங்கே தீட்டியிருப்போம். நிகழ்ச்சி இல்லாத மதிய வேளையில் ஒவ்வொருவராக உள்ளே போவோம். நான் கதவைச் சாத்தி, முதலாளியின் பெட்டியைத் திருகி அணைத்துவிடுவேன். தொழிலாளி பேசும்போது முதலாளியின் குரல் குறுக்கே வரக்கூடாது. அது என் கொள்கை. பிறகு மைக் ஒன்றை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வேன்.

நீங்கள் கேட்கப் போவது தெரிகிறது. கண்ணாடி அறையைத்தான் மூடிவிட்டார்களே, மைக் எப்படி வேலை செய்தது? நானும் பார்த்தேன், மைக்கில் என் அடையாள அட்டையைக் காட்டிச் சுவிட்சைத் தட்டினேன், கொஞ்ச நேரத்தில் பெரிய ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. முன்னைப்போலவே கனமாக வந்தது. யார் ஏற்றிவிட்டார்கள் என்று நான் ஏன் கேட்க வேண்டும்? பேச்சாளன் வேலை பேசுவது. மெஷினுக்கும் வர்க்க உணர்வு வந்துவிட்டது என்று அன்றைக்குச் சொன்னேன். தோழர்கள் சிரித்தார்கள். கேமரா ஒன்று கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. அதையும் வணக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் கூட்டத்தில் தீட்டியது கறுப்புச் சட்டை. முதலாளி பிறந்தநாளுக்கு மொத்தப் பேரும் கறுப்பில் வந்து நிற்பது. பிறந்தநாள் காலையில் போனால், வரவேற்பில் இருக்கும் பெண்ணில் இருந்து கணக்குப்பிள்ளை வரை அத்தனை பேருக்கும் நிர்வாகமே கறுப்புச் சட்டை கொடுத்திருந்தது. சட்டைப் பையில் சேனல் சின்னம் வேறு. முதலாளியும் கறுப்பில் வந்தார், எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் நான்தான் அவருக்குப் பக்கத்தில்.

இரண்டாவது கூட்டத்தில் தீட்டியது கூண்டோடு விடுப்பு. தேர்தல் முடிவு வரும் நாளில் ஒருவரும் வருவதில்லை. மறுநாளே சுற்றறிக்கை: அன்றைக்கு ஊழியர்கள் அனைவருக்கும் நிர்வாகமே விடுமுறை அளித்து மகிழ்கிறது. வராமல் இருப்பதற்குக்கூட அவனிடமே அனுமதி வாங்கியதுபோல ஆகிவிட்டது.

மூன்றாவதாக முற்றுகை. முதலாளி கார் பின்வாசலில் நுழையும், அங்கே மறிப்பது. நாங்கள் பின்வாசலுக்குப் போனபோது எங்களுக்காக ஷாமியானா போட்டு, டீயும் பன்னும் வைத்திருந்தார்கள். அவர் முன்வாசல் வழியாகப் போய்விட்டார். டீயைக் குடித்தோம். என்ன செய்வது, வெயில்.

மூன்று திட்டமும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் உள்ளே ஒரு கருங்காலி இருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம், துண்டறிக்கை படித்திருந்தால் போதும். நான் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். யார் கொட்டாவி விடுகிறான்? யார் நம்மால் முடியாது என்கிறான்? இதற்கெல்லாம் மேலே ஓர் ஆதாரம் இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் நான் உச்சத்தில் இருக்கிறேன். கோதண்டம் எழுந்து வந்து என் காதோரம் சொல்கிறான்: "புயலு, அந்த மைக்கக் கழட்டிட்டுப் பேசு. இல்லாங்காட்டி அந்தப் பொட்டியயாவது தொற. அங்க இன்னா சொல்றாங்கன்னு கேப்போம்."

கவனியுங்கள் தோழர். என் குரலை அணை என்கிறான். முதலாளியின் குரலைத் திற என்கிறான். ஒரே மூச்சில் இரண்டும். இதைவிட ஒரு கருங்காலி எப்படித் தன்னைக் காட்டிக்கொள்வான்? செயலாளர் பேசும்போது உறுப்பினர் குறுக்கிடக் கூடாது என்று விதியைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு நான் பேசிய நேரமெல்லாம் கடலை தின்றான். மூன்றாவது கூட்டத்திலும் தின்றான்.

அந்தச் சமயத்தில்தான் நிர்வாகம் இறங்கி வந்தது. ஸ்டூடியோ வேலை போனவர்களுக்குப் பழைய படங்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை தருகிறோம், ஆனால் சங்கம் யார் யாரைத் தன் ஆட்கள் என்று சொல்கிறதோ அவர்களுக்கு மட்டும் என்றார்கள். நான் கோதண்டம் பெயரைச் சொல்லவில்லை. கருங்காலிக்கு எதற்கு வேலை? அவன் எஜமான் பார்த்துக்கொள்ளட்டும்.

கோதண்டம் என் வீட்டுக்கே வந்தான். இதோ நீங்கள் ஏணி போட்டிருக்கும் இதே இடத்தில் நின்றான். காபி கொடுக்கச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டான். அப்போதுதான் முதன்முறையாக அவன் கேலி இல்லாமல் பேசினான்.

"வேல போனா போவுது. எங்கப்பன் மில் ஸ்டிரைக்குல மண்ட ஒடஞ்சவரு. அவரு புள்ள கருங்காலின்ற பேரோட நான் வியாசர்பாடிக்குள்ள போவ மாட்டேன். உன் ரூல் இன்னா சொல்லுது?"

என் விதி என்ன சொல்கிறது என்று அவனுக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தவனை நீக்க வேண்டுமானால் பொதுக்குழுவைக் கூட்டி, வெளியிலிருந்து வந்த இரண்டு சாட்சிகளின் முன்னால் அவன் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். நான் எழுதிய விதி.

"படிச்சுடு. எம்மூஞ்சிக்கு நேரா படி. ஆனா ஸ்டூடியோவுல வெச்சுப் படி" என்றான்.

எனக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது. குற்றம் நடந்த இடத்திலேயே தீர்ப்பு.

அந்தக் கம்பியை ஏன் இரண்டாக வெட்டுகிறீர்கள்? சரி, சரி. உங்கள் வேலை உங்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது அநீதி இனிமேல்தான். நான்கு அநீதியையும் நான் வென்றேன், அல்லது வெல்லும் நிலையில் இருந்தேன். இந்த ஐந்தாவதால்தான் இன்றைக்குச் சங்கத்தின் செயலாளர் நாற்காலியில் கோதண்டம் உட்கார்ந்திருக்கிறான். நான் ராஜினாமா செய்தேன். தோற்று இல்லை, கண்டித்து. பழைய படப் பிரிவில் அவனுக்கு வேலையும் கிடைத்தது. போன பொங்கலுக்குக்கூட கரும்பு கொடுத்து அனுப்பினான். திருப்பி அனுப்பினேன். பேரன் பாதியைக் கடித்துவிட்டான், மீதியை அனுப்பினேன்.

அன்றைக்கு மதியம் எல்லாரும் வந்துவிட்டார்கள். சாட்சிகள் இருவர். ஒருவர் தபால் ஊழியர் சங்கத்து ஞானப்பிரகாசம். அவர் வெள்ளை வேட்டியில் வந்தாலே கூட்டத்துக்கு ஒரு கனம் வந்துவிடும். இன்னொருவர் எங்கள் கேன்டீன் நடத்தும் மீரான் பாய். சாட்சி சொல்ல வரும்போதும் டீ கேனோடுதான் வந்தார். நான் கதவைச் சாத்தினேன். பெட்டியை அணைத்தேன். மைக் ஒன்றைக் குத்திக்கொண்டேன். பெரிய ஸ்பீக்கரில் என் குரல் எழுந்தது. கருங்காலிகளின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கி ஒரு முக்கால் பங்கு வந்திருப்பேன். ஞானப்பிரகாசம் கடிகாரத்தைப் பார்த்தார். கோதண்டம் எழுந்தான்.

செயலாளர் பேசும்போது உறுப்பினர் குறுக்கிடக் கூடாது என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மூலைக்குப் போய்ப் பெட்டியைத் திருகினான். பெட்டி கரகரத்தது.

"சுனந்தாம்மா, கோதண்டம் பேசறேன். நம்ம ஸ்டூடியோவுல இப்ப மைக்கு எதுனா தொறந்துக்கீதா?"

"ஒண்ணு திறந்திருக்குங்க சார்" என்றது பெட்டி. "வணக்கம் சார். ரொம்ப நாளா அந்தப் பக்கத்துல இருந்து யாரும் பதிலே சொல்றதில்ல."

"இதுக்கு மின்ன நிகழ்ச்சி இல்லாத நேரத்துல அத தொறந்தியாம்மா?"

"இதோட நாலாவது தடவை சார். யாராவது மாட்டிக்கிட்டு, அட்டையைக் காட்டி சுவிட்ச் போட்டா இங்க அவங்க பேரோட லைட் எரியும், நான் ஏத்தி விடுவேன். நல்லா பேசுவாரு சார். ஒரு தடவை கேமராவைக்கூட அவர் பக்கம் திருப்பினேன், ஆள் எப்படி இருப்பார்னு பாக்க."

"நீ தொறந்தா இன்னா ஆவும்?"

"ரெக்கார்ட் ஆகும் சார். திறந்த மைக் எல்லாம் ரெக்கார்ட் ஆகி நிர்வாகத்துக்குப் போயிடும். அது சிஸ்டம் தானா செய்யறது, நான் ஒண்ணும் பண்றதில்ல." அவள் குரல் கொஞ்சம் பயந்தது. "ஆனா ரூல்படி பேர் படிக்காம நான் திறந்ததே இல்லங்க சார். ஒவ்வொரு தடவையும் படிச்சேன். அங்க கேக்கலையா?"

தேவசகாயம் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியின் திருகைப் பார்த்தார். பிறகு எல்லாரும் அந்தத் திருகையே பார்த்தார்கள். மீரான் பாய் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

ஒன்று சொல்கிறேன் தோழர், இதை நீங்கள் நியாயமாகக் கேட்க வேண்டும். நான் அங்கே பேசியது உரை. உரைக்கும் உளவுக்கும் வித்தியாசம் உண்டா இல்லையா? ஒருவன் தொண்டை கிழியப் பேசுவதை ஒரு மெஷின் ஒட்டுக்கேட்டு எஜமானனிடம் கொடுத்தால் குற்றம் மெஷின்மேலா, தொண்டைமேலா? இதை அன்றைக்கே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பெரிய ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் புஸ்ஸென்று கேட்டது. மைக்கைக் கழற்றப் போனேன். "இருக்கட்டும் புயலு, அது இருந்தாத்தான் ரூலு" என்றான் கோதண்டம்.

அவன் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தான். சாட்சிகள் பக்கம் திரும்பிக் கை கூப்பினான். ஞானப்பிரகாசம் எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து மீரான் பாயும் கேனைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"அம்மாடி, இங்க சாட்சிக்குப் பெரியவங்க ரெண்டு பேர் வந்துக்கறாங்க. தொறந்துக்கற மைக்கு யாருதுன்னு ரூல்படி ஒருவாட்டி படி. அட்டையில இன்னா போட்டுக்குதோ அப்டியே படி."

பெட்டி ஒரு முறை தொண்டையைச் செருமியது. பிறகு தெளிவாக, நிதானமாக, நான் எழுதிய விதியில் உள்ளபடி எல்லார் காதிலும் விழுமாறு படித்தது.

"மைக் ஒன்று. தோழர் புயலரசன்."